தலைமடைக்காரன் ஹீரோ: தன்னை மட்டுமே பாக்குற ஆள வச்சு சீரியல் எழுதுறது எப்படி

சீரியலோ வெப் சீரிஸோ, புருஷன் பொண்டாட்டி கதைன்னு எழுத உக்காந்தா எல்லாருக்கும் வர்ற மொத ஆசை ஹீரோவ கொஞ்சம் கோணலா காட்டணும்ங்கிறதுதான். ஆசையெல்லாம் சரி. ஆனா 20 எபிசோட் தாண்டுறதுக்குள்ள ரெண்டுல ஒன்னு நடந்துரும். ஒன்னு, அவன் பொண்டாட்டிய அறைஞ்சு, சொத்த எழுதி வாங்கி, முழு வில்லனா போயிருவான். இல்லன்னா சேனல்லேர்ந்து போன் வரும், 'லேடீஸுக்கு ஹீரோவ புடிக்கல சார்'னு, உடனே சின்ன வயசுல அவன் பட்ட கஷ்டத்துக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் போட்டு புல்லாங்குழல ஓடவிட்டு அடுத்த வாரமே தங்கமான புள்ளையாக்கிருவோம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கான், யாருக்கும் கெடுதல் நெனைக்க மாட்டான், ஆனா சுத்தி இருக்குற அத்தன பேரையும் காயப்போட்டுக்கிட்டே இருப்பான். அவன எழுதுறது எப்படின்னுதான் இது. கதைய நம்ம காவிரி டெல்டாவுலயே வச்சுக்குவோம், இங்க ஒருத்தன் செய்யிறது இன்னொருத்தன் வயல்ல தெரிஞ்சிரும், எழுதுறவனுக்கு பாதி வேலை மிச்சம்.

ஆள் யாருன்னு மொதல்ல

டெல்டாக்காரங்களுக்கு இத வெளக்கவே வேணாம். தலைமடையில, அதாவது வாய்க்கா தண்ணி மொதல்ல வர்ற எடத்துல, வயலு வச்சிருக்கவன் பாதி ராத்திரியில மடைய தொறந்து விட்டுட்டு வந்து படுத்துர்றான். அவன் வயலு நெறஞ்சு வழிஞ்சு வடிகால்ல போய்க்கிட்டு இருக்கு, தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையில ஒருத்தன் நாத்தங்கால் பாளம் பாளமா வெடிச்சுப்போயி வானத்த பாத்துக்கிட்டு நிக்கிறான். தலைமடைக்காரன்கிட்ட போயி கேட்டு பாருங்க. 'அட, உனக்கு தண்ணி வரலையா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லப்பா'ம்பான். அந்த ஆச்சரியம் நடிப்பு கெடையாது, நெசமாவே அவனுக்கு தோணல. நம்ம ஹீரோ அவன்தான். அதனால ஒவ்வொரு சீனும் எழுதி முடிச்சதும் ஒரு கேள்விய கேட்டுக்கங்க, இவன் தெரிஞ்சே இத பண்றானா? ஆமான்னா அந்த சீன கிழிச்சிருங்க. தெரிஞ்சு பண்ணா சண்ட வரும், பஞ்சாயத்து வரும், முடிஞ்சிரும். தெரியாம பண்றவன்கிட்டதான் பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் 'சரி, இவருக்கு தெரியல'ன்னு விட்டுக் குடுத்துக்கிட்டே போவா, அந்த விட்டுக்குடுக்குறதுதான் உங்களுக்கு நாலு மாசத்துக்கான கதை.

இப்ப ஒரு ஆள உருவாக்குவோம். பேரு சரவணன்னு வச்சுக்குவோம், குடவாசல் பக்கத்துல ஒரு ஊரு, 36 வயசு, சிங்கப்பூர்ல பத்து வருஷம் இருந்துட்டு, இனிமே இயற்கை விவசாயம்தான்னு திரும்பி வந்துட்டான். பங்கு பிரிச்சதுல அவனுக்கு 8 மா வந்துருக்கு, மூணு மா ஒரு ஏக்கர்னா கணக்கு போட்டுக்கங்க. மாப்பிள்ளைச் சம்பா போடுறான், கருப்புக் கவுனி போடுறான், யூடியூப்ல சேனல் வச்சிருக்கான். பொண்டாட்டி ஹேமா ஒரு தனியார் நர்சிங் ஹோம்ல ஸ்டாஃப் நர்ஸ். தம்பி கார்த்தி, அவன் பொண்டாட்டி சுதா, பக்கத்து போர்ஷன்ல இருக்காங்க, கார்த்தி பழைய மாதிரியே உரம் மருந்து போட்டு குறுவை, தாளடின்னு ரெண்டு போகம் எடுக்குறவன். அம்மா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல.

இதுல முக்கியமானது என்னன்னா சரவணன் சொல்றது சரியா இருக்கணும். பாரம்பரிய நெல்லு நல்லதுதான், மண்ணு கெட்டுப்போனது நெசந்தான், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுல ரெண்டு கிலோ விதை வாங்கிட்டு வந்து பெருக்குன ஆளுங்க எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க. கொள்கை தப்பா இருந்தா ஆடியன்ஸுக்கு வேலை சுலபமாயிரும், 'லூசுப்பய'ன்னு சொல்லிட்டு காப்பி போட எந்திரிச்சிருவாங்க. கொள்கை சரியா இருந்து, அதுக்கான காச இன்னொருத்தி குடுத்துக்கிட்டு இருந்தாத்தான் உக்காந்து பாப்பாங்க. கூடவே ஏதாவது ஒரு தெறமைய நெசமா குடுங்க. சரவணன் பேசுனா கூட்டம் கேக்கும். வரப்புல நின்னு ஒரு நெல்லு கதிர கையில புடிச்சு அவன் பேசுறத பாத்தா நமக்கே வேலைய விட்டுட்டு வந்துறலாம்னு தோணணும், ஹேமா அவன கட்டிக்கிட்டதுக்கு காரணம் அதுதான்னு ஆடியன்ஸுக்கு தானா புரிஞ்சிரும், தனியா ஒரு லவ் டூயட் வைக்க வேண்டியதில்ல.

காசு எங்கேர்ந்து போவுதுன்னு ஒரு நோட்டு போடுங்க

இத யாரும் செய்யிறதில்ல, அதனாலதான் நம்ம சீரியல் ஹீரோவெல்லாம் என்ன தொழில் பண்றான்னே தெரியாம கோட்டு போட்டுக்கிட்டு கார்ல ஏறிக்கிட்டு இருக்கான். தன்னை மட்டும் நெனைக்கிற ஆளோட கதையில அவன் செய்யிற ஒவ்வொன்னுக்கும் ஒரு பில்லு வரணும், அந்த பில்ல வேற யாரோ கட்டணும், அது ஸ்கிரீன்ல தெரியணும். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி இடது பக்கம் அவன் ஆசை, வலது பக்கம் யார் கையிலேர்ந்து போச்சுன்னு எழுதிட்டு வாங்க.

உதாரணத்துக்கு ஒன்னு. நம்ம கதை 2021 ஆரம்பத்துல நடக்குதுன்னு வைங்க. ஹேமா தன்னோட அஞ்சு பவுன கூட்டுறவு சொசைட்டியில அடகு வச்சு நடவு கூலி குடுத்துருக்கா. பிப்ரவரி மாசம் சரவணனுக்கு புது கேமரா வேணும். பொண்டாட்டி நகைய கேட்டா தப்புன்னு அவனுக்கே தெரியும், அதனால பெருந்தன்மையா தன்னோட ரெண்டு பவுன் செயின கழட்டி அதே சொசைட்டியில வைக்கிறான். 'உன் நகைய தொடல பாத்தியா, என்னோடத வச்சேன்'னு வந்து சொல்றான், ஹேமாவும் சந்தோஷப்படுறா. அந்த வருஷம் செப்டம்பர்ல அரசாங்கம் அஞ்சு பவுன் வரைக்கும் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடின்னு அறிவிக்குது, 31.3.2021 வரைக்கும் வச்ச நகைக்கு. ஆனா ஒரு குடும்பத்துக்கு 40 கிராம்தான் கணக்கு, மொத்தமா அதத் தாண்டியிருந்தா கெடையாது. ஊரே சொசைட்டி வாசல்ல சிரிச்சுக்கிட்டு நகைய வாங்கிட்டு போவுது, ஹேமா பேரு லிஸ்ட்ல இல்ல. ஏன்னு கேட்டா, ஒரே குடும்ப அட்டையில ஏழு பவுன் இருக்குங்கிறாங்க.

பாருங்க, இதுல சரவணன் எந்த தப்பும் பண்ணல. தன் செயின தானே வச்சான். ஆனா அந்த எபிசோட பாக்குற எந்த பொம்பளையும் அவன அன்னைக்கு மன்னிக்க மாட்டா. இதவிட அழகு அதுக்கப்பறம் அவன் என்ன சொல்றாங்கிறதுல இருக்கு. 'என் செயினுந்தான் போச்சு ஹேமா'ம்பான். சண்டைய அங்க வைக்காதீங்க. ஹேமா ஒன்னும் பேசாம டூட்டிக்கு கெளம்பட்டும், சுதா வந்து தன்னோட மூணு பவுன திருப்புன கதைய அம்மாகிட்ட சத்தமா சொல்லட்டும்.

அவன் வாயில வர்றத எப்படி எழுதுறது

இவன மாதிரி ஆளுங்களுக்கு பஞ்ச் டயலாக் ஒத்து வராது. இவங்க பேச்சுல ஒரு பாணி இருக்கு, யாரு என்ன சேதி சொன்னாலும் ரெண்டாவது வரியில, மூணாவது வரியில அத தன் பக்கம் திருப்பிருவாங்க. மொத வரி நெசமான பரிவா இருக்கணும், அத மறந்துராதீங்க. மொத வரியும் தன்னப் பத்தியே இருந்தா அது காமெடி கேரக்டர் ஆயிரும். ஒரு சீன் பேப்பர் போட்டு காட்றேன்.

காலையில ஏழு மணி. ஹேமா நைட் டூட்டி முடிச்சு மொத பஸ்ஸுல வந்து எறங்கி வர்றா. சரவணன் திண்ணையில, மடியில லேப்டாப்.

ஹேமா: ராத்திரி ஒரு டெலிவரி கேஸுங்க. புள்ள பொறந்துருச்சு, ரத்தம் நிக்கவே இல்ல. 108-ல ஏத்தி திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிட்டு வர்றேன். கையெல்லாம் இன்னும் நடுங்குது.

சரவணன்: அய்யய்யோ. அந்த பொண்ணு எப்படி இருக்காம்?

ஹேமா: தெரியல. போன் பண்ணி கேக்கணும்.

சரவணன்: ம். நானும் ராத்திரி பூரா பொட்டு கண்ணு மூடல ஹேமா.

ஹேமா: ஏன், என்னாச்சு?

சரவணன்: நேத்து போட்ட வீடியோவுக்கு கீழ ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு, பொண்டாட்டி சம்பளத்துல விவசாயம் பண்ற ஆளுன்னு. யாரு எவருன்னு தெரியாம எப்படி இப்படி எழுதுறானுவ? நீ ஒன்னு பண்ணு, கொல்லையில வெளிச்சம் நல்லா இருக்கு இப்ப, செத்த நேரம் வந்து பக்கத்துல நில்லு, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பதில் வீடியோ போட்டுருவோம்.

ஹேமா: குளிச்சுட்டு வர்றேங்க.

சரவணன்: குளிச்சா வெளிச்சம் போயிரும்மா. அந்த யூனிஃபார்மோடயே நில்லேன், அதுதான் நல்லா இருக்கும்.

இவ்ளோதான் சீன். அவன் 'அய்யய்யோ'ன்னது உண்மை, அந்த பொண்ணு எப்படி இருக்குன்னு கேட்டதும் உண்மை. ஆனா ஹேமா கை நடுங்குதுன்னு சொன்னது அவன் காதுல விழுந்துச்சு, நிக்கல. 'ஏன், என்னாச்சு'ன்னு ஹேமா கேக்குறத கவனிங்க, தன் நடுக்கத்த அப்படியே விட்டுட்டு அவன் பக்கம் திரும்பிட்டா, அவளும் அதுக்கு பழகிட்டா. கடைசியில அந்த வீடியோவுல அவ நிக்கிறாளா இல்லையாங்கிறத அப்பவே காட்டாதீங்க, ரெண்டு சீன் கழிச்சு சுதா போன்ல ஓடட்டும். அரை மணி ஸ்லாட்டுல கதை ஓடுறது 20, 22 நிமிஷந்தான், அதுக்குள்ள மூணு நாலு பிரேக் வரும், பிரேக்குக்கு முன்னாடி ஃப்ரீஸ் பண்ற மூஞ்சி யாரோடதுங்கிறது நம்ம கையில இருக்கு. டைரக்டர் பழக்க தோஷத்துல ஹீரோவ க்ளோசப்ல நிறுத்துவாரு. சீன் பேப்பர்லயே 'ஹேமா மேல கட்' அப்படின்னு எழுதிருங்க. அவன் பேசுறான், நாம பாக்குறது கேக்குறவ மூஞ்சிய.

மன்னிப்பு கேக்குற சீன்

இதுக்கு பாடம் வேணும்னா வெளிநாட்டு சீரிஸெல்லாம் தேட வேணாம், காவிரி கடல்ல கலக்குற எடத்துலயே இருக்கு. சிலப்பதிகாரத்துல கோவலன் பண்றத சீரியல் ரைட்டர் கண்ணோட ஒரு தடவ படிச்சு பாருங்க. பூம்புகார்ல இந்திர விழா முடிஞ்சு கடற்கரையில மாதவி பக்கத்துல உக்காந்து யாழ வாங்கி பாடுறான். என்ன பாடுறான்? சோழன் போயி கங்கையோட சேர்ந்தாலும் நீ ஊடல் கொள்ள மாட்டே காவேரி, அது பொண்ணுங்களோட பெரிய கற்புன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னு. வீட்டுல கண்ணகிய விட்டுட்டு வந்து உக்காந்துருக்கவன் பாடுற பாட்டு இது! மாதவிக்கு சந்தேகம் வந்து, அவளும் வேற யாரையோ நெனச்ச மாதிரி பதிலுக்கு ஒரு பாட்டு பாடுறா, உடனே இவனுக்கு கோவம் வந்து எந்திரிச்சு போயிர்றான். தான் பாடுனா பாட்டு, அவ பாடுனா துரோகம்.

அடுத்து வீட்டுக்கு திரும்பி வர்றான் பாருங்க, அங்கதான் நமக்கு வேண்டியது இருக்கு. கண்ணகிகிட்ட அவன் சொல்ற மொத பேச்சுல பழி மாதவி மேல போவுது, பொய்க்காரியோட கூடுனேன்னு. அப்பறம் குலத்து சொத்து மலையாட்டம் இருந்துச்சு, தொலச்சுட்டேன், இந்த ஏழ்மை எனக்கு வெக்கமா இருக்குங்கிறான். உன்ன விட்டுட்டு போனேனேங்கிறது அதுல எங்கயும் இல்ல. கண்ணகி அத கேட்டுட்டு, மாதவிக்கு குடுக்க காசு இல்லாம வருத்தப்படுறான்னு நெனச்சு, சிரிச்ச மூஞ்சோட சிலம்பு இருக்கு எடுத்துக்கங்கன்னுர்றா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நின்னு வேற வேற கதைய பேசிக்கிட்டு இருக்காங்க. நெசமான மன்னிப்ப இளங்கோவடிகள் எவ்ளோ தூரம் தள்ளி வச்சிருக்காரு பாருங்க, மதுரையில, ஆயர் வீட்டுல, சாப்பாடு முடிஞ்சு சிலம்ப விக்க கெளம்புறதுக்கு முன்னாடி. அப்பதான் உனக்கும் பெத்தவங்களுக்கும் செஞ்சத நெனச்சு பேசுறான். அப்ப கண்ணகியும் பூசி மெழுகல, நல்லவங்க ஒத்துக்காத காரியத்ததான் நீங்க பண்ணீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிர்றா. அன்னைக்கே அவன் கத முடிஞ்சிருது.

நம்ம சரவணனுக்கும் இதே மாதிரி ரெண்டு மன்னிப்பு வச்சுக்கங்க. மொதலாவது சீக்கிரமே, கண்ணீரோட, அழகா, ஆனா முழுக்க அவனப் பத்தி: 'நான் தோத்துட்டேன் ஹேமா, ஊருல தலை காட்ட முடியல.' ஆடியன்ஸ்ல பாதி பேரு உருகுவாங்க, உருகட்டும். ரெண்டாவது மன்னிப்புல அவன் தன்னப் பத்தி ஒரு வரி கூட பேசக் கூடாது, அவ என்னைக்கு என்ன இழந்தாங்கிறத அவனே ஒன்னொன்னா சொல்லணும், அஞ்சு பவுன், யூனிஃபார்ம், அந்த காலையில நடுங்குன கை. அது வர்றதுக்குள்ள அவ அந்த வீட்ட விட்டு கெளம்ப டிக்கெட் போட்டுருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல கொறஞ்சது ஒரு போகமாவது போகட்டும்.

ஒரே நாளு, ரெண்டு ஞாபகம்

ஒரு சம்பவத்த ரெண்டு பேரு ஞாபகத்துலேர்ந்து தனித்தனியா காட்டுறது இந்த மாதிரி கதைக்கு ரொம்ப ஒத்து வர்ற வித்தை. ஒன்னும் புதுசில்ல, 1954-லயே 'அந்த நாள்'ல எஸ்.பாலசந்தர் பண்ணிட்டாரு, ஒரு பாட்டு கூட இல்லாம. சிவாஜி செத்துக் கெடக்குறதுலேர்ந்து படம் ஆரம்பிக்கும், சுத்தி இருக்குறவங்க ஒவ்வொருத்தரா சொல்ல சொல்ல ஒவ்வொரு ஆளா தெரிவாரு. நமக்கு கொலையெல்லாம் வேணாம், ஒரு ஆடிப்பெருக்கு போதும்.

இங்க வருஷத்த முடிவு பண்ணிக்கங்க, ஏன்னா டெல்டாவுல எந்த வருஷம்னு தெரியாம ஆத்த காட்ட முடியாது. மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12 தொறக்கணும், ஆனா 2018-ல ஜூலை 19, 2022-ல மே 24-லயே, 2024-ல ஜூலை 28. தொறந்தாலும் கல்லணை வந்து சேர மூணு நாளு, கடைமடைக்கு அதுக்கப்பறம் இன்னும் பல நாளு. சரவணன் கல்யாணம் 2018 வைகாசின்னு வைங்க, அந்த வருஷம் அணை நெறஞ்சு ஆடி 18-க்கு ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு போச்சு. புதுசா கட்டுன ஜோடி கல்யாண மாலைய காய வச்சு எடுத்துட்டு வந்து ஆத்துல விடுறது, மஞ்சக் கயிறு மாத்துறது, காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் உங்களுக்கு தெரிஞ்சதுதான்.

அவன் ஞாபகத்துல வெயிலு மஞ்சளா இருக்கு, ஹேமா சிரிக்கிறா, ரெண்டு மாலையும் ஒன்னா பின்னிக்கிட்டு ஆத்தோட போவுது, அம்மா கண்ண தொடைக்கிறாங்க. அவ ஞாபகத்துல மாலை ரெண்டு தடவ ஆத்துல எறங்குது. மொத தடவ வீடியோ சரியா விழலன்னு சரவணன் படித்துறையில எறங்கி அத புடிச்சு இழுத்துட்டு வந்து, 'இன்னொரு தடவ விடு'ங்கிறான். நனைஞ்ச மாலை ரெண்டாவது தடவ மெதக்கல, கடைசி படியில ஒட்டிக்கிட்டு நிக்கிது. பக்கத்துல ஒரு அம்மாச்சி 'விட்டத திருப்பி எடுக்கலாமாடி'ன்னு யாரையோ பாத்து சொல்றாங்க. ஹேமா சிரிக்கிறா, அவன் ஞாபகத்துல இருக்குற அதே சிரிப்பு, கேமரா இருக்கேன்னு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. அவன் கிட்ட அந்த வீடியோ இருக்கு, ஆதாரமா காட்டுவான்.

ஒரு எச்சரிக்கை, இந்த வித்தைய மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல எடுக்காதீங்க, சலிச்சிரும். அவ ஞாபகம் எப்பவும் ரெண்டாவதா வந்தா அவதான் நிஜம்னு ஆயிரும், அதனால ஒரு தடவையாவது மாத்தி வச்சு, அவ மறந்துபோன ஒரு நல்லத அவன் ஞாபகம் வச்சிருக்குறதா காட்டுங்க.

பொண்டாட்டிய தெய்வமாக்காதீங்க

ஹீரோ கோணலா இருந்தா ஹீரோயின் குத்துவிளக்கா இருக்கணும்னு ஒரு பழக்கம் நம்மகிட்ட. அப்படி பண்ணா கதை கெட்டுரும். ஹேமாவுக்கு தன் சம்பளத்துல ஒரு கர்வம் இருக்கட்டும், அம்மாகிட்ட மருந்து மாத்திரைய குடுக்கும்போது ஒரு மேட்டிமை இருக்கட்டும், 'நான் பாத்துக்குறேன்'னு எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டு, யாரு கேட்டாங்கன்னு கார்த்தி கேட்டா பதில் இல்லாம நிக்கட்டும். அம்மாவ வில்லியாக்குறதும் வேணாம். அந்த அம்மாதான் இவன இப்படி வளத்தது, இன்னைக்கும் கெண்ட மீனு கொழம்புல தலைய இவனுக்குன்னு எடுத்து வைக்கிறது, 'எம்புள்ள ஒத்தையா சிங்கப்பூர்ல கெடந்தான்'னு சொல்லிக்கிட்டே கார்த்தி பத்து வருஷமா நெலத்த பாத்துக்கிட்டத மறந்துபோறது, இதுவே போதும்.

கார்த்திய வச்சு ஒரு சீன் கண்டிப்பா வேணும். குறுவை அறுப்பு, மழ புடிச்சுக்கிட்டு இருக்கு, அறுக்குற பெல்ட் மிஷின் கெடைக்கவே நாலு நாளாச்சு. (அருவாள புடிச்சு வரிசையா அறுக்குற ஷாட்ட தயவு செஞ்சு வைக்காதீங்க, ஊருல இருக்குறவங்க சிரிப்பாங்க. பொங்கலன்னைக்கு குறுவை அறுக்குறதும் வேணாம்.) அரசாங்க நெல் கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லு அம்பாரமா கொட்டிக் கெடக்கு, 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னா எடுக்க மாட்டாங்க, மத்திய அரசு சில வருஷம் தளர்த்தும், அதுக்கு குழு வந்து பாத்துட்டு போகணும். கார்த்தி தார்ப்பாய போட்டு மூடுறதும் வெயிலு வந்தா கிண்டி விடுறதுமா ராத்திரி பகலா அங்கயே கெடக்குறான். சரவணன் வர்றான், நெசமாவே மனசு ஒடஞ்சு போறான், தம்பி நெல்லுக்கு முன்னாடி நின்னு பத்து நிமிஷம் பேசி வீடியோ போடுறான், அதுவும் ரசாயன விவசாயத்தால வந்த வினைன்னு. லட்சம் பேரு பாக்குறாங்க. கார்த்தி அதுல பின்னாடி தார்ப்பாய் முனைய புடிச்சுக்கிட்டு மங்கலா தெரியிறான், காத்து அடிக்கிது, இன்னொரு முனைய புடிக்க ஆளில்ல. 'அண்ணே, செத்த இத புடிங்க'ன்னு அவன் சொன்னது வீடியோவுல பதிவாயிருக்கு, சரவணன் எடிட்ல அந்த சவுண்ட கட் பண்ணிட்டான். ராத்திரி சாப்புடும்போது கார்த்தி ஹேமாகிட்ட 'அத்தாச்சி, கொழம்பு போதும்'ங்கிறதோட எந்திரிச்சு போயிரட்டும்.

நடிகர், சேனல், புயலு

ஹீரோவா நடிக்கிறவரு ரெண்டாவது வாரமே வருவாரு, 'சார், ஊருல திட்டுறாங்க, ஒரு நியாயமான சீன் குடுங்க'ன்னு. குடுங்க. அந்த நியாயத்த அவர் வாயாலயே சொல்ல வைங்க, உருக்கமா நடிப்பாரு, அவருக்கும் திருப்தி. ஆனா வேற எந்த கேரக்டரும் அத ஆமோதிக்க வேணாம், மியூசிக் டைரக்டர்கிட்ட சொல்லி அந்த எடத்துல ஒன்னும் வாசிக்க வேணாம்னுருங்க. வியாழக்கிழமை டிஆர்பி வந்ததும் சேனல்ல பயப்படுவாங்க, அப்ப ப்ரோமோவ ஹேமா பக்கத்துலேர்ந்து வெட்டச் சொல்லுங்க, திட்டுறதுக்காவது வந்து உக்காருவாங்க.

ஆள திருத்துறதுக்கு ஆக்சிடெண்ட், ஞாபக மறதி, சாமியாடுறதெல்லாம் வேணாம்னு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. டெல்டா கதைன்னா புயல வச்சு திருத்தலாம்னு ஒரு யோசனை வரும். 2018 நவம்பர் 16 கஜா வந்துச்சு, வேதாரண்யம், பேராவூரணி, பட்டுக்கோட்டைன்னு தென்ன மரமெல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, பல ஊருல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. சரவணன அதுக்குள்ள விட்டு பாருங்க, மாறவே மாட்டான். ஊருக்காக ஓடுவான், ராத்திரி முழுக்க மரம் அறுப்பான், சாப்பாடு பொட்டலம் குடுப்பான், ஊரே கையெடுத்து கும்புடும், வேட்டைக்காரனிருப்பு பக்கம் கூரை போன மாமனார் வீட்டுக்கு மூணாவது நாளு ராத்திரிதான் போயி நிப்பான். அங்க போயி மாமனாரு குடுத்த டீயையும் குடிச்சுட்டு, தான் எத்தன ஊருக்கு ஓடுனேன்னு சொல்லுவான். கெட்டது மட்டுமில்லாம நல்லது செய்யும்போதும் அவன் அவனாவே இருக்கணும்.

அப்ப எவ்ளோதான் மாறுவான்னு கேட்டா, ரொம்ப கொஞ்சம். கடைசி பத்து எபிசோட்ல ஒரே ஒரு காரியம், ஹேமா ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறா, இவனுக்கு தன் கதை தொண்ட வரைக்கும் வருது, முழுங்கிட்டு 'அப்பறம்?'னு கேக்குறான். அத ஆடியன்ஸ் கவனிக்கணும்னா அதுக்கு முன்னாடி நூறு தடவ அவன் அப்படி கேக்காம இருந்துருக்கணும்.

இதே அச்சுல பொம்பள ஹீரோவும் எழுதலாம், சொல்லப்போனா அது இன்னும் சுவாரஸ்யம். மூத்த அக்கா, அப்பா போனப்பறம் தம்பி தங்கச்சிய கரையேத்துனவ, செஞ்சதெல்லாம் நெசந்தான், ஆனா அத ஒரு நாளும் யாரையும் மறக்க விட மாட்டா, தங்கச்சி வளைகாப்புல கூட தான் கட்டாம விட்ட சேலைய பத்தி பேசுவா. ஆம்பளைக்கு 50 எபிசோட் பொறுக்குற ஆடியன்ஸ் அவளுக்கு அஞ்சுக்கு மேல பொறுக்க மாட்டாங்க, அதனால அவ தியாகத்த ஆரம்பத்துலயே கண்ணால காட்டிருங்க, அப்பறம் அவ சொல்லிக் காட்ட ஆரம்பிக்கட்டும்.

சீன் பேப்பர் அனுப்புறதுக்கு முன்னாடி அதுல கொறஞ்ச வசனம் உள்ள ஆளு யாருன்னு பாத்து, அந்த ஆளா உக்காந்து ஒரு தடவ படிங்க, காப்பி கொண்டாந்து வைக்கிற சுதாவா இருந்தாலும் சரி. அவளுக்கு அந்த சீன்ல சொல்ல ஒரு கதை இல்லன்னா நீங்களும் சரவணன் கண்ணாலயே எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம், திருத்தி அனுப்புங்க. நல்லா ஓடுதுன்னு சேனல்ல இன்னும் 200 எபிசோட் இழுக்கச் சொன்னா கார்த்தி-சுதா ட்ராக்க தொறங்க, பங்கு நெலத்துல வாய்க்கா தகராறு ஒன்னு வைங்க, அம்மா எந்த வீட்டுல இருக்கணும்னு ஒரு பஞ்சாயத்து வைங்க, சரவணன மட்டும் சீக்கிரம் திருத்திறாதீங்க.